விடியலோடு ஒட்டிய அந்திப் பாட்டு

பாட்டைக் கேட்டுவிட்டு அதற்கு வெளிச்சம் அமைப்பதா, வெளிச்சத்தைப் படம் பிடித்துவிட்டு அதற்குப் பாட்டுத் தேடுவதா? ஒளிப்பதிவுப் பயிற்சி வகுப்பில் உங்களில் ஒருவர் கேட்ட கேள்வி இது. நேரமாகிவிட்டது, பிறகு பேசுவோம் என்று சொல்லி அன்று நழுவினேன். உண்மையில் நேரம் ஆகியிருக்கவில்லை. பதில் சொல்லத் தொடங்கினால் ஜவ்வாது மலையில் நான் செய்ததைச் சொல்ல வேண்டியிருக்கும். முகம் பார்த்துச் சொல்லும் தைரியம் இல்லாததால் எழுதுகிறேன்.

முதலில் கேள்விக்கு வருகிறேன். ஓவியத்தில் வெளிச்சம் ஓரிடத்தில் நின்றுவிடும். மேடையிலும் சினிமாவிலும் அது நகர்கிறது. நகர்கிற எதற்கும் காலப்பிரமாணம், அதாவது நடையின் வேகம், உண்டு. வெளிச்சமும் இசையும் உறவுக்காரர்கள் என்று சொல்வது அதனால்தான். காலைக்கு ஒரு ராகம், இரவுக்கு ஒரு ராகம் என்று நம் சங்கீதக்காரர்கள் பிரித்து வைத்ததும் சும்மா இல்லை. ராகத்துக்குள் சூரியன் எந்த இடத்தில் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு விளக்கு வைக்கக் கற்றுக் கொடுத்தவர் அதிகம் பேசமாட்டார். சென்னையில் ஒரு நாட்டிய நாடகத்தில் டிம்மர் பலகை முன்னால் என்னை உட்கார வைத்தார். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மிருதங்கத்தில் அடி விழும்போதெல்லாம் வெளிச்சத்தை ஏற்றி இறக்கினேன். சபையில் கைதட்டல். அவர் பின்னால் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துப் பலகையிலிருந்து எடுத்துவிட்டார். இடைவேளையில், "மிருதங்கம் வாசிக்க ஒருத்தருக்குப் பணம் குடுத்திருக்காங்க. நீ எதுக்கு ரெண்டாவது?" என்றார். "பாட்டு சொன்னதையே வெளிச்சமும் சொல்லக் கூடாது. பாட்டு விட்டதைச் சொல்லணும். அப்ப ரெண்டும் சேர்ந்து மூணாவதா ஒண்ணைச் சொல்லும்."

இதைத் தொழில் ரகசியமாக எடுத்துக்கொண்டேன். இரண்டைச் சேர்த்தால் மூன்றாவதாக ஒன்று பிறக்கும். அந்த மூன்றாவது என் இஷ்டப்படி பிறக்கும். பல வருடங்கள் அதை வைத்துப் பெயர் வாங்கினேன். அப்படிப் பிறப்பது பொய்யாகவும் இருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்று நினைத்திருப்பார்.

எழுபதுகளின் பிற்பாதியில் ஓர் அரசுத் துறைக்காக மலை மக்களின் வாழ்க்கையைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போனோம். இயக்குநர், நான், ஒலிப்பதிவு செய்பவர், ஜீப் ஓட்டுநர் என்று நான்கு பேர். திருப்பத்தூரில் டீசல் நிரப்பிக்கொண்டு மேலே ஏறினோம். நாங்கள் தங்கிய ஊரில் அப்போது கரண்ட் இல்லை. சூரியன் கொடுத்ததுதான் வெளிச்சம்.

காளியப்பன் என்பவர் தன் வீட்டுக் கொட்டகையைத் தங்குவதற்கு ஒழித்துக் கொடுத்தார். சாமையும் கொஞ்சம் கேழ்வரகும் விளைவிக்கிற குடும்பம். அவருடைய ஒரே மகள் பச்சையம்மா. அறுப்பு முடிந்ததும் அடிவாரத்தில் சந்தவாசலுக்கு அவளைக் கட்டிக் கொடுப்பதாக நிச்சயமாகியிருந்தது. நான் ஒளிமானியை அவள் முகத்தருகே நீட்டியபோது சிரித்துவிட்டாள்.

"இன்னா சார், எம் மூஞ்சில மணி பாக்கறீங்க?"

"வெளிச்சம் எவ்வளவு விழுதுன்னு பாக்கறேம்மா."

"அதுக்குக் கண்ணு இல்லியா? எங்கப்பாரு பாரு, சூரியனைப் பாத்தே மணி சொல்லுவாரு. எப்பவும் ஒரு மணி நேரம் தப்பாத்தான் சொல்லுவாரு."

"தே, வாய மூடிக்கினு பொடை," என்றார் காளியப்பன். அவருக்கும் சிரிப்புதான்.

அவள் காலை வெயிலில் முற்றத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். உமி எழுந்து அவளைச் சுற்றிப் பொன்னாகத் தொங்கியது. முறத்தைத் தூக்கிப் புடைத்துவிட்டு வெயிலை நோக்கி ஒருமுறை நிமிர்ந்தாள். ஏழெட்டு வினாடிதான் இருக்கும். என் வாழ்நாளில் நான் எடுத்த முகங்களில் அதைவிட நல்லது இல்லை.

நாங்கள் அங்கே இருக்கும்போதே காளியப்பனின் அப்பா இறந்தார். கிழவர் வெகுநாளாகப் படுக்கையில் கிடந்தவர், கூச்சல் அதிகமில்லை. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மண் தள்ளி முடித்ததும் எல்லோரும் திரும்பிப் பார்க்காமல் ஊருக்குப் போய்விடுவார்கள். பாடும் உரிமை உள்ளவர் ஒருவர் மட்டும் மேற்கே பார்த்த பாறையில் ஏறி நின்று பாடுவார். மேளம் கிடையாது, பக்கத்தில் ஆளும் கிடையாது. வீடுகளில் இருப்பவர்களுக்குக் குரல் மட்டும் கேட்கும். அந்த உரிமை வெள்ளையனுடையது. வெள்ளையன் காளியப்பனின் தங்கையைக் கட்டியவர். ஐம்பது வயதை ஒட்டிய, எதற்கும் கிண்டல் செய்கிற மனிதர். பாட்டு என்று வந்தால் கிண்டல் நின்றுவிடும்.

படம் பிடிக்கலாமா என்று அவரிடம் கேட்டோம்.

"இது ஊருக்குப் பாடறது இல்ல சார். போறவருக்கு. வெயிலு அந்த மலைக்கு அப்பால எறங்கச்சொல்ல பாடணும். அதுகூடவே அவரும் எறங்கிப் போயிடுவாரு."

"காலையில பாடினா?" என்று கேட்டார் இயக்குநர்.

"வெயிலு ஏறச்சொல்லவா? அப்ப போறவங்க யாரு கீறாங்க? இருக்கறவங்கதான். உசுரோட இருக்கறவங்களைக் கையப் புடிச்சி அனுப்பற மாதிரி ஆயிடும். வெளையாட்டுக்குக்கூட மொணகக் கூடாதுன்னு எங்கப்பன் சொல்லிட்டுப் போயிருக்காரு. படத்துல சாவுன்னு காட்டினா அங்க போடுங்க. வேற எங்கயும் போடாதீங்க."

சரி என்றோம். நானும் என் வாயால் சரி என்றேன்.

பாறைக்குக் கீழே படுத்துக்கொண்டு கேமராவை மேல்நோக்கி வைத்தேன். சட்டகத்தில் அவருடைய பக்கவாட்டு முகமும் வானமும் மட்டும். தாழ்ந்த குரல். ஒவ்வோர் அடிக்கும் நடுவில் நீளமான மூச்சு. சூரியன் இறங்க இறங்க அவர் பாட்டைத் தாமதப்படுத்தினார். கடைசிச் சொல் முடிந்தபோது அவர் கன்னத்திலிருந்த சிவப்பும் போயிற்று. வெளிச்சம் பாட்டுக்குக் காத்திருந்ததா, பாட்டு வெளிச்சத்துக்குக் காத்திருந்ததா என்று சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்கு நான் பார்த்த ஒரே பதில் அதுதான்.

சில நாள் கழித்துச் சூரியோதயம் எடுக்க வேண்டியிருந்தது. ஊரிலிருந்து வெகுதூரம் தள்ளிக் கிழக்கே ஒரு முகடு உண்டு. இருட்டோடு கிளம்பி வெள்ளையன்தான் வழிகாட்டிக்கொண்டு வந்தார். பால் கறக்க எழுந்தவர்கள் நாங்கள் போவதைப் பார்த்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. போனோம், உதயத்தை எடுத்தோம், திரும்பினோம். அவர் அங்கே பாடவில்லை. பீடி பிடித்தார், ஒலிப்பதிவாளரின் கம்பளித் தொப்பியைக் கிண்டல் செய்தார்.

சென்னையில் எடிட்டிங் மேசையில் படத்தின் தொடக்கம் உயிரில்லாமல் கிடந்தது. உதயம், முற்றம், சாமை. நாகசுரம் வைத்துப் பார்த்தோம். கல்யாண வீடு மாதிரி இருந்தது. புல்லாங்குழல் வைத்தால் வானொலி நிகழ்ச்சி மாதிரி ஆனது. இயக்குநர் சோர்ந்து உட்கார்ந்துவிட்டார். அப்போது, "அந்தப் பாறைப் பாட்டைப் போட்டுப் பாருங்க" என்று சொன்னது நான்தான். இயக்குநர் சொன்னார் என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். இல்லை, நான்தான்.

எடிட்டர்கூடத் தயங்கினார். "சாவுக்குப் பாடறதுன்னு சொன்னீங்களே?"

"இங்கே யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

போட்டதும் எடிட்டர் மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். அப்படிப் பொருந்தியது. உதயத்தின் மேல் குரல் தொடங்கியது. பச்சையம்மாவின் முறத்தில் தானியம் விழும் ஓசை பாட்டின் மூச்சுகளுக்கு நடுவில் சரியாக வந்து விழுந்தது. அவள் நிமிர்ந்து வெயிலைப் பார்க்கிற இடத்தில் குரல் ஏறியது. அடுத்த காட்சியில் பாடுகிறவரின் முகம். அது அந்தியில் எடுத்தது, செம்மை அதிகம். லேபில் இரண்டு நாள் உட்கார்ந்து அந்தச் செம்மையைக் குறைத்துப் பொன்னிறமாக்கி விடியற்காலையாக மாற்றினேன். அந்தியை விடியலாகக் காட்டுவது நம் தொழிலில் குற்றமில்லை. நீங்களும் செய்வீர்கள். நான் செய்தது வேறு. அந்த வெளிச்சத்தில் வாழ்கிறவர்கள் அதற்கு ஒரு பொருள் வைத்திருந்தார்கள். அதைத் தெரிந்துகொண்டே மாற்றினேன்.

படம் நல்ல பெயர் எடுத்தது. அடுத்த வருடம் மழை ஓய்ந்ததும் அந்த ஊரிலேயே திரையிடுவது என்று துறையில் முடிவு செய்தார்கள். வேனில் புரொஜெக்டரும் ஜெனரேட்டரும் வந்தன. துறையின் மேலதிகாரியும் வந்தார். நாங்கள் இறங்கியதும் வெள்ளையன் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"பச்சையம்மா பூட்டா சார். மழைல காய்ச்சல். சந்தவாசல்லயே பொதைச்சிட்டாங்க."

படம் தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் அவள் வருவாள் என்பது நினைவுக்கு வந்தது. எந்தப் பாட்டோடு வருவாள் என்பதும் நினைவுக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். முதல் பகுதியை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து ஓட்டச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மகளைப் பார்த்தால் பெற்றவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விளக்கு வைக்கிற நேரம் முடிந்து இருட்டு கூடியதும் திரை கட்டி ஆரம்பித்தார்கள். ஊரே தரையில் உட்கார்ந்திருந்தது. அதிகாரிக்கும் எங்களுக்கும் நாற்காலி. கிழக்கு முகடு தெரிந்ததும் பிள்ளைகள், "நம்ம மலைடா!" என்று கத்தினார்கள். சூரியன் எழுந்தது. குரல் தொடங்கியது. கத்தல் அப்படியே நின்றது.

அதிகாரி என் பக்கம் சாய்ந்தார். "பிரமாதம்பா. வெளிச்சமே பாடற மாதிரி இருக்கு."

திரையில் பச்சையம்மா முறத்தைத் தூக்கினாள். நிமிர்ந்து வெயிலைப் பார்த்தாள். அவளுடைய அம்மா ஒரு சத்தம் போட்டார். அது அழுகை என்று சொல்ல முடியாது. அடுத்த காட்சியில் வெள்ளையனின் முகம் வந்ததும் காளியப்பன் எழுந்து நின்றார். அவருடைய நிழல் திரையில் விழுந்தது.

"டேய் வெள்ளையா! இன்னாடா இது?"

வெள்ளையன் எழுந்தார். "மச்சான், நான் காலையில பாடல."

"கண்ணால பாக்கறேன்டா! கெழக்கால வெயிலு ஏறுது, நீ பாடறே, எம் பொண்ணு நிக்கறா! உசுரோட இருக்கச்சொல்லவே அவளை அனுப்பிட்டியேடா!"

"சாமி சத்தியமா நான் பாடல."

"அன்னிக்கு இருட்டோட இவங்களைக் கூட்டிக்கினு போனியே, எதுக்குப் போனே? ஊருக்குக் கேக்காத எடமாப் பாத்துப் பாடறதுக்குத்தானே?" கூட்டத்தில் நாலைந்து பேர், "ஆமா, போனான், நான் பாத்தேன்" என்றார்கள்.

வெள்ளையன் என்னைப் பார்த்துத் திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க. நான் அங்க பாடினேனா? சொல்லுங்க சார்."

ஒரு வாக்கியம் போதும். 'அவர் பாடவில்லை, நாங்கள்தான் ஒட்டினோம்' என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். பயந்து சும்மா இருந்தேன் என்று வெகுகாலம் நம்பினேன். எதற்குப் பயம்? வேலை போயிருக்காது. ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் அதிகாரி அந்த வெளிச்சத்தைப் பாராட்டியிருந்தார். அது பொய் வெளிச்சம் என்று அவர் முன்னாலேயே சொல்ல மனம் வரவில்லை. பெருமை, வேறொன்றும் இல்லை. நான் எழுந்து, "முதல்ல படம் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்றேன்.

வெள்ளையன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டுக்குள் போய்விட்டார். அப்புறம் பேசுவதற்கு யாரும் வரவில்லை. இனிமேல் வெள்ளையன் பாட வேண்டாம் என்று மறுநாள் காலையில் ஊர்த்தலைவரான கவுண்டர் சொல்லிவிட்டதாக ஜீப் ஓட்டுநர் மூலம் தெரிந்துகொண்டேன். நாங்கள் இறங்கிவிட்டோம்.

எண்பதுகளில் அமிர்திக் காட்டில் ஒரு படத்துக்காகச் சில நாள் தங்கியிருந்தேன். அங்கிருந்து மலை மேலே தெரியும். கேமராவைத் திருப்பும் பக்கமெல்லாம் மலை வந்து நின்றது. வேலை முடிந்ததும் ஜீப் எடுத்துக்கொண்டு சுற்றுவழியில் மேலே போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானம்.

வெள்ளையன் புளிய மரத்தடியில் உதிர்ந்த புளியைக் கூட்டிக்கொண்டிருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"மொத ரெண்டு வருஷம் உன்னைக் கண்டா கல்லெடுத்து அடிக்கணும்னு இருந்தேன்," என்றார். பிறகு, "இப்பக் கல்லு தூக்கத் தெம்பு இல்ல. உக்காருங்க" என்றார்.

காளியப்பனிடம் உண்மையைச் சொல்லத்தான் வந்தேன் என்றேன். துடைப்பத்தைக் கீழே போட்டார்.

"சொல்லாதீங்க."

"ஏங்க?"

"அந்தப் பொண்ணு காய்ச்சல்ல கெடக்கச்சொல்ல சந்தவாசல்லேர்ந்து ஆளு வந்து சொல்லிச்சு. மழை பேயுது, ஓடையில தண்ணி ஓடுது, ரெண்டு நாள் போவட்டும்னு காளியப்பன் இங்கயே நின்னுட்டான். அவன் போய்ச் சேரச்சொல்ல எல்லாம் முடிஞ்சிப் போச்சு. பொதைச்ச எடத்தைத்தான் பாத்தான். இப்ப வெள்ளையன் பாடினதாலதான் பொண்ணு செத்துச்சுன்னு நெனைச்சிக்கினு எப்டியோ சோறு துன்றான். என்னைத் திட்டறான், சரி. அதுவும் இல்லன்னா இன்னா பண்ணுவான்? அவனையே துன்னுக்குவான்."

"உங்க பாட்டு?"

"பாட்டுக்கு இன்னா, அது யாருக்காச்சும் காத்துக்கினா கீது?" என்று சிரித்தார். ஆனால் அந்த ஊரில் அதற்குப் பிறகு இறந்தவர்களைப் பாட்டில்லாமல்தான் அனுப்பினார்கள் என்பதும் பேச்சுவாக்கில் வந்தது. வேறு யாருக்கும் அந்தப் பாட்டு தெரியாது. அவருடைய மனைவி சொந்த அண்ணன் வீட்டு வாசலை மிதித்துப் பல வருடம் ஆகியிருந்தது.

சொல்வதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். நான் ஏற்கெனவே அவருக்குக் கொடுத்த வாக்கு எப்படிப்பட்டது என்று இருவருக்கும் தெரியும்.

ஜீப் பக்கம் திரும்பி வரும்போது காளியப்பனே எதிரில் வந்தார். நன்றாக நரைத்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அந்தப் படத்துல எம் பொண்ணு வருவாளே."

"ஆமா."

"அன்னிக்கு நான் எழுந்து கத்திட்டேன். சரியாவே பாக்கல. இன்னொரு தரம் காட்ட முடியுமா? பாட்டு இல்லாம?"

பாட்டில்லாமல் காட்டுவதற்குப் புரொஜெக்டரில் ஒரு குமிழைத் திருப்பினால் போதும். முடியும் என்றேன்.

பிரதியை வாங்க அலைந்து, சொந்தப் புரொஜெக்டரோடு மறுபடி மேலே போக மழைக்காலம் முடிந்துவிட்டது. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கரண்ட் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கதவு சன்னல்களைச் சாத்திவிட்டுச் சுவரில் ஓட்டினேன். காளியப்பனும் அவர் மனைவியும் மட்டும்தான். ஒலியை முழுக்க அடைத்துவிட்டேன். எந்திரத்தின் கடகடப்பு மட்டும் கேட்டது.

பச்சையம்மா நிமிர்ந்தாள். அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, "அப்பிடியே நிக்கறாளே" என்றார். "இன்னொரு தரம் போடுங்க சார்."

திருப்பிப் போட்டேன். மூன்றாவது முறை நிறுத்த மறந்து படம் மேலே ஓடிவிட்டது. வெள்ளையனின் முகம் வந்தது. காளியப்பன் கோபப்படுவார் என்று குமிழை நோக்கிக் கையைக் கொண்டுபோனேன்.

"இரு இரு," என்றார் அவர். சுவரின் அருகே எழுந்து போனார். முகத்துக்கு மேலே வானத்தின் மூலையில் விரலை வைத்தார். "இது இன்னாது?"

மெல்லிய பிறை. நான்தான் அதைச் சட்டகத்துக்குள் கொண்டுவந்தேன். பாறைக்குக் கீழே கேமராவை ஓர் அடி நகர்த்தி, அழகுக்காக. அது ஒரு நாளைச் சொல்லும் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. எடிட்டிங் மேசையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் மூலையைப் பார்ப்பதில்லை.

"மூணாம் பெறை," என்றார் மனைவி. "மாமாவைப் பொதைச்சிட்டு வர்றப்ப பாத்தமே. திரும்பிப் பாக்கக் கூடாதுன்னாங்க, நான் பெறையைத்தான் பாக்கறேன்னு சொல்லித் திரும்பினேன். நீகூடத் திட்டினியே."

காளியப்பன் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தின் மேல் படம் ஓடிக்கொண்டிருந்தது.

"மூணாம் பெறை சாயங்காலந்தானே தெரியும்? மேக்கால."

"ஆமாங்க."

"அப்ப இது எங்கப்பனுக்குப் பாடினது."

"ஆமாங்க. உங்க அப்பாவுக்குத்தான் பாடினார். காலையில பாடவே இல்லை. அந்தி வெளிச்சத்தை நான்தான் காலை மாதிரி மாத்தினேன். பாட்டை அங்கே ஒட்டச் சொன்னதும் நான்தான்."

வெள்ளையனுக்குக் கொடுத்த வாக்கை அங்கே உடைத்தேன். அது சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் கேட்ட பிறகும் இரண்டாவது முறை வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

காளியப்பன் என்னை அடிக்கவில்லை. அவர் மனைவிதான் கேட்டார். "இத்தினி வருஷமா நீங்க சோறு துன்னீங்களா சார்?"

தின்றேன். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.

காளியப்பன் மாணவர்கள் உட்காரும் சின்னப் பெஞ்சில் உட்கார்ந்தார். என்னிடமோ மனைவியிடமோ இல்லாமல், "ஆளு வந்து சொன்ன அன்னிக்கே நான் எறங்கியிருக்கணும்" என்றார். அந்த அம்மா அவர் முதுகில் கையை வைத்தார். வெள்ளையன் எதற்குப் பயந்தாரோ அது என் கண் முன்னால் நடந்தது. நான் சுவரில் காட்டியது அவருடைய மகளைத்தான். கையில் கொடுத்தது இந்தப் பழியை.

பிறகு சட்டென்று தலையைத் தூக்கினார்.

"அப்ப எம் பொண்ணுக்கு யாருமே பாடல."

மனைவி அவரைப் பார்த்தார்.

"இவன் பாடித்தான் அவ போனான்னு இத்தினி நாளு நெனைச்சிக்கினு இருந்தனே. அவங்க கீழ சும்மா மண்ணு தள்ளிட்டு வந்துட்டாங்க. யாரும் பாடல. அவ இன்னும் அங்கயே நிக்கறாளா, எங்க நிக்கறா?"

எழுந்தார். கதவைத் திறந்தார். மதிய வெயில் உள்ளே விழுந்ததும் சுவரில் இருந்த படம் அழிந்துவிட்டது. வெள்ளையனின் வீடு இருந்த பக்கம் நடந்தார், நடை ஓட்டமாகியது. அந்த அம்மாவும் பின்னால் போனார். நான் வாசலில் நின்றேன். தூரத்தில் காளியப்பனின் குரல் கேட்டது.

"டேய் வெள்ளையா! வெளிய வாடா! ஏன்டா வாயத் தொறக்கல? இத்தினி வருஷம் ஏன்டா வாயத் தொறக்கல?"

"தொறந்தேனே, நீ எங்கடா கேட்டே!" என்று பதில் வந்தது. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள். ஒரு பெண் குரல் ஓங்கி அழுதது. வெள்ளையனின் மனைவியாக இருக்கலாம். அதற்கப்புறம் பேச்சுக் கேட்கவில்லை.

இளைஞர்களே, வெளிச்சத்துக்குப் பொய் சொல்லத் தெரியும், இசைக்கும் தெரியும்; நம் தொழிலே அதில்தான் ஓடுகிறது. ஒன்று தனியாகச் சொன்னால் பார்ப்பவர் சந்தேகப்படுவார். இரண்டும் ஒத்துப் பாடினால் அது சாட்சி ஆகிவிடுகிறது. சொந்த மச்சானின் சத்தியத்தைவிட அந்தச் சாட்சியை ஒருவர் நம்பினார். இப்போது உங்களுக்கு லேபும் வேண்டாம், இரண்டு நாளும் வேண்டாம்; ஒரு விரலை நகர்த்தி அந்தியைக் காலையாக்கிவிடுகிறீர்கள். செய்யுங்கள். ஆனால் அது யாருடைய அந்தி என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். உங்கள் கைவேலையை ஒருவர் பாராட்டிக்கொண்டிருக்கும்போதே அதனால் இன்னொருவர் தலை உருளுவதைப் பார்த்தால், படம் முடியட்டும் என்று சொல்லாதீர்கள். படம் முடிந்த பிறகு பேச எவரும் இருக்கமாட்டார்கள்.

புரொஜெக்டரைக் கட்டி ஜீப்பில் வைத்தேன். அன்றைக்கு அந்தியில் பச்சையம்மாவுக்காக வெள்ளையன் பாடினாரா என்று கேட்பீர்கள். தெரியாது. கேமராப் பெட்டி வண்டியில்தான் இருந்தது. ஒளிப்பதிவுக்கு அதைவிட நல்ல வானம் கிடைக்காது. சூரியன் அந்த மலையைத் தொட இன்னும் நேரம் இருந்தது. ஜீப்பை ஓட்டி வந்தவர், "கொஞ்சம் இருந்துட்டுப் போலாமா சார்?" என்றார். வேண்டாம் என்றேன். வெயில் இருக்கும்போதே மலையிறங்கிவிட்டோம்.